கல்லூரி விழா நடத்தப் போகிறீர்களா? மன்றச் செயலாளர் பார்க்க வேண்டிய பாதுகாப்பு வேலைகள்

துறை மன்றத் தொடக்க விழா, சிம்போசியம், கல்ச்சுரல்ஸ், எதுவானாலும் செயலாளரின் பட்டியலில் முதலில் வருவது சிறப்பு விருந்தினர், பேனர், டி-சர்ட். பின்பக்கக் கதவின் சாவி யாரிடம் இருக்கிறது என்பது கடைசி வரை வருவதில்லை. முதல்முறை விழா எடுத்துச் செய்கிறவர்களுக்கு அந்த விட்டுப்போன வேலைகளை வரிசையாகச் சொல்கிறோம். உதாரணத்துக்கு 60 அடி நீளம், 40 அடி அகலம் உள்ள கல்லூரி ஹால், மாலை 4 முதல் 8 வரை நாடகமும் பாட்டும், இரவுச் சாப்பாடு பொட்டலம் என்று வைத்துக்கொள்வோம்.

படி 1: அனுமதிக் கடிதமும் ஆள் பிரிப்பும் (2 வாரம் முன்னால்)

ஸ்டாஃப் கோஆர்டினேட்டர், துறைத் தலைவர் வழியாக முதல்வருக்குக் கடிதம் கொடுங்கள். தேதி, தொடங்கும் நேரம், முடியும் நேரம், எத்தனை பேர், வெளிக் கல்லூரி ஆட்கள் வருவார்களா, வெளியிலிருந்து லைட், சவுண்ட், ஜெனரேட்டர் வருகிறதா, சாப்பாடு உண்டா என்று எல்லாம் அதில் இருக்க வேண்டும். பதில் எழுத்தில் வரட்டும். காரிடாரில் நடந்தபடி "பண்ணிக்கோங்கப்பா" என்று சொன்னது அனுமதி ஆகாது.

கட்டடத்தின் வயரிங், தீயணைப்பான், லிஃப்ட் எல்லாம் கல்லூரி நிர்வாகத்தின் பொறுப்பு. அவற்றை நீங்கள் பழுது பார்க்க வேண்டியதில்லை, பார்க்கவும் கூடாது. கண்ணில் பட்ட குறையை எழுதிக் கொடுப்பதும், சரியாகும் வரை அந்த இடத்தைப் பயன்படுத்தாமல் இருப்பதும்தான் உங்கள் வேலை.

பிறகு ஆட்களைப் பிரியுங்கள். ஒவ்வொரு கதவுக்கும் ஒருவர், முதலுதவிக்கு இருவர், சாப்பாட்டுக்கு ஒருவர், மேடை மின்சாரத்துக்கு ஒருவர், எல்லாவற்றுக்கும் மேலே ஒருவர். இந்த மேலாள் தொகுப்பாளராகவோ நாடகத்தில் நடிப்பவராகவோ இருக்கக் கூடாது. மைக்கைப் பிடித்திருப்பவருக்குக் கதவருகே நடப்பது தெரியாது.

படி 2: ஹாலை நடந்து பாருங்கள்

விழா நடக்கும் அதே நேரத்தில் போங்கள். காலை 11 மணிக்குப் பளிச்சென்று இருக்கும் பின்படிக்கட்டு இரவு 8 மணிக்கு இருட்டாக இருக்கும். எல்லாக் கதவையும் கையால் திறந்து பாருங்கள். பார்த்தாலே போதும் என்று நினைப்பதுதான் இங்கே வழக்கமான தவறு. மேல் தாழ்ப்பாள் துருப்பிடித்து இறங்காமல் இருக்கும், வெளியே பைக் நிறுத்தியிருப்பார்கள், இல்லையென்றால் பழைய டெஸ்க்குகள் அடுக்கியிருக்கும்.

பார்த்ததை ஒரே தாளில் ஐந்து கட்டம் போட்டு எழுதுங்கள்: என்ன ஆபத்து, யாருக்கு, இப்போது என்ன ஏற்பாடு உள்ளது, இன்னும் என்ன செய்ய வேண்டும், யார் எப்போதுக்குள். ஒரு வரி இப்படி இருக்கும்: "மேடை வயர் நடுவழியைக் கடக்கிறது, பார்வையாளர் தடுக்கி விழலாம், ஏற்பாடு எதுவும் இல்லை, சுவரோரமாகக் கொண்டுபோய்க் கதவுக்கு மேலே கட்ட வேண்டும், மேடைப் பொறுப்பாளர், மதியம் 2 மணிக்குள்." நான்காவது கட்டத்தில் "கவனமாக இருக்க வேண்டும்" என்று எழுதியிருந்தால் அந்த வரியை அடித்துவிட்டுத் திரும்ப எழுதுங்கள். அப்படி எழுதினால் யாரும் எதுவும் செய்ய மாட்டார்கள்.

படி 3: நாற்காலிக் கணக்கு

"நம்ம ஹால்ல நானூறு பேர் உக்காரலாம்" என்று யாராவது சொல்வார்கள். டேப் எடுத்து அளந்து பாருங்கள். 60 அடி நீளத்தில் மேடையும் அதன் முன்னால் விடும் இடமும் 20 அடியை எடுத்துக்கொள்ளும். பின்கதவருகே 4 அடி காலியாக வேண்டும். மிச்சம் 36 அடி. முழங்கால் இடத்தோடு ஒரு வரிசைக்கு 3 அடி என்றால் 12 வரிசை. அகலம் 40 அடியில் நடுவே 4 அடி, இரு ஓரமும் 4 அடி வழி விட்டால் மிச்சம் 28. ஒரு பிளாஸ்டிக் நாற்காலிக்கு ஒன்றே முக்கால் அடி வீதம் வரிசைக்கு 16. ஆக மொத்தம் 192 பேர். நானூறு என்பது வழியிலும் கதவிலும் ஆள் நின்றால் வரும் கணக்கு.

192 என்றால் 192 டோக்கன்தான் அச்சடிக்க வேண்டும். கூடுதலாக வருகிறவர்களுக்கு வெளியே திரையோ ஸ்பீக்கரோ வையுங்கள். ஒவ்வொரு வரிசையிலும் நாற்காலிகளைக் கயிற்றால் ஒன்றோடொன்று கட்டிவிடுவது நல்லது. பதற்றத்தில் கூட்டம் எழும்போது தனி நாற்காலிகள் உருண்டு வழியில் விழுந்து காலை வாரும்.

படி 4: வாசல்

ஆபத்தான நேரம் நிகழ்ச்சியின் நடுவில் இல்லை. கதவு திறக்கும் முதல் பத்து நிமிடமும், மழை வரும் நேரமும்தான். 2023 நவம்பர் 25 அன்று கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் நடத்திய தொழில்நுட்ப விழாவில் இசை நிகழ்ச்சி தொடங்கும் முன் மழை பிடித்தது. வெளியே காத்திருந்தவர்கள் திறந்தவெளி அரங்கின் வாயில் வழியே ஒரே நேரத்தில் உள்ளே தள்ளினார்கள். வாயிலைத் தாண்டியதும் கீழே இறங்கும் படிகள். முன்னால் போனவர்கள் விழ, பின்னால் வந்தவர்கள் அவர்கள் மேல் விழுந்தார்கள். 4 பேர் இறந்தார்கள்.

இதைத் தவிர்க்கச் செய்ய வேண்டியவை எளிமையானவை. நிகழ்ச்சிக்கு 45 நிமிடம் முன்பே கதவைத் திறந்துவிடுங்கள். வரிசையைக் கதவுக்கு நேராக விடாமல் சுவரோரமாக வளைத்து விடுங்கள். வாசலில் படியோ சரிவோ இருந்தால் அங்கே இரண்டு வாலண்டியர்கள் நின்று பத்துப் பத்துப் பேராக அனுப்பட்டும். காத்திருப்பவர்கள் மழைக்கு ஒதுங்க வேறு இடம் எது என்று முன்பே முடிவு செய்து, மைக்கில் சொல்ல ஆள் வையுங்கள். வெளியேறும் கதவை "டிக்கெட் இல்லாதவன் வந்துடுவான்" என்று பூட்டவே கூடாது. அங்கே பூட்டுக்குப் பதில் ஆளை நிறுத்துங்கள்.

படி 5: மின்சாரம்

நாடகக் குழு மேடைக்கு அடிக்கும் 1000 வாட் பழைய பார் லைட் நான்கு கொண்டுவருகிறது என்று வையுங்கள். 4000 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் 17 ஆம்பியருக்கு மேல். ஹாலில் இருக்கும் பெரிய பிளக் 16 ஆம்பியர். அதன் அளவைத் தாண்டிவிட்டது, பாட்டின் நடுவே டிரிப் ஆகலாம். உடனே ஒருவர் "பெரிய ஃபியூஸ் போடுண்ணா" என்பார். டிரிப் ஆவது சுவிட்சின் குறை இல்லை, வயர் சூடாகிறது என்ற எச்சரிக்கை. லைட்டிங்காரரிடம் எல்.இ.டி. பார் லைட் கேளுங்கள், சில நூறு வாட்டில் வேலை முடிந்துவிடும்.

இன்னும் சில:

- பிளக் இல்லாத வயரைத் தீக்குச்சி சொருகி சாக்கெட்டில் மாட்டினால் அந்த வேலையை அங்கேயே நிறுத்துங்கள்.
- எக்ஸ்டென்ஷன் சுருளை முழுக்கப் பிரித்தே பயன்படுத்துங்கள். சுற்றியபடி வைத்தால் உள்ளே சூடு தேங்கி இன்சுலேஷன் உருகும்.
- பாடுகிறவர் "மைக் சுரீர்னு அடிக்குது" என்றால் எர்த் சரியில்லை. மைக்கில் கைக்குட்டை சுற்றித் தொடர்வது இங்கே வழக்கம். சவுண்டை நிறுத்தி எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். மேடை லைனுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதா என்று முன்னரே அவரிடம் கேட்டுவிடுங்கள்.
- ஜெனரேட்டர் கட்டடத்துக்கு வெளியே, ஜன்னல்களிலிருந்து தள்ளி நிற்கட்டும். அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. டீசல் ஊற்றுவது நிறுத்தி ஆறிய பிறகுதான்.

படி 6: அலங்காரமும் தீயும்

2004 ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்தில் ஒரு திருமண மண்டபத்தின் மாடியில் போட்டிருந்த கீற்றுப் பந்தல் தீப்பிடித்து மணமகன் உட்பட 50க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தென்னங்கீற்று, தெர்மாகோல், காகிதத் தோரணம் எதையும் சூடாகும் விளக்கிலிருந்து குறைந்தது 3 அடி தள்ளிக் கட்டுங்கள். வெளியேறும் வழியில் அலங்காரமே வேண்டாம்.

மேடையில் கலர்ப் பொடியை ஊதுவது இப்போது நிறைய நடக்கிறது. காற்றில் பரவிய நுண்பொடி தீப்பொறி பட்டால் வெடித்தே எரியும். 2015 ஜூன் 27 அன்று தைவானின் நியூ தைபேயில் நடந்த கலர்ப் பொடி நிகழ்ச்சியில் அப்படித்தான் நூற்றுக்கணக்கானோர் வெந்துபோனார்கள். பொடி வேண்டும் என்றால் திறந்த மைதானத்தில், கையால் பூசிக்கொள்ள மட்டும். கேஸ் பலூனும் ஆபத்துதான். விலை குறைவென்று ஹைட்ரஜன் அடைத்துத் தருகிறவர்கள் உண்டு, அது பற்றி எரியும் வாயு. காற்றடித்த சாதாரண பலூனே போதும்.

மேடையருகே கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பான் ஒன்று இருக்கட்டும். மின்சாரத் தீயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. பின்னை இழு, குழாயைத் தீயின் அடிப்பகுதிக்குக் காட்டு, அழுத்து, இடவலமாக வீசு. சில விநாடிகளில் தீர்ந்துவிடும், ஆகவே முதுகுக்குப் பின்னால் கதவு இருக்கும்படி நில்லுங்கள். அணையவில்லை என்றால் வெளியே வந்து 101 அல்லது 112.

படி 7: சாப்பாடு

பகல் 12 மணிக்குக் கட்டிய பிரியாணிப் பொட்டலத்தை இரவு 7 மணிக்குக் கொடுப்பதுதான் கல்லூரி விழாக்களின் வழக்கமான தவறு. பேசிலஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் அரிசி வெந்தாலும் சாவதில்லை. இளஞ்சூட்டில் மணிக்கணக்காகக் கிடந்தால் பெருகி நஞ்சை உண்டாக்கும். திரும்பச் சூடாக்கினாலும் அது போகாது. பொட்டலங்களை தெர்மாகோல் பெட்டியில் அடுக்கினால் "சூடா இருக்கு" என்று தோன்றும், ஆனால் கிருமிக்குப் பிடித்ததும் அந்தச் சூடுதான். 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகவே இருக்க வேண்டும், அல்லது சமைத்த வேகத்தில் பரிமாற வேண்டும்.

ஆகவே கேட்டரிங்காரரிடம் "6:30க்கு வண்டி வரட்டும், 5 மணிக்கு முன் கட்டாதீர்கள்" என்று எழுதிக் கொடுங்கள். அவருடைய 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணைக் கேட்டு வாங்குங்கள். பெட்டியில் கட்டிய நேரத்தை மார்க்கரால் எழுதச் சொல்லுங்கள். தேங்காய்ச் சட்னி வேண்டாம், தக்காளித் தொக்கு போதும். வேர்க்கடலை சேர்ந்த பண்டம் இருந்தால் எழுதி ஒட்டுங்கள், ஒவ்வாமை உள்ளவர்கள் இருப்பார்கள். தண்ணீர் ஆளுக்கு ஒரு லிட்டர் வீதம், 20 லிட்டர் கேன் பத்து.

படி 8: முதலுதவி

அதிகம் நடப்பது மயக்கம். படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள், சுற்றி நிற்கும் கூட்டத்தை விலக்குங்கள். நினைவு முழுதாக வரும் முன் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்து திணிப்பதும் வாயில் ஸ்பூன் வைப்பதும் வேண்டாம். தலைக்கு அடியில் துணி, பக்கத்தில் உள்ள பொருளை அகற்று, துடிப்பு நின்றதும் ஒருக்களித்துப் படுக்க வை. நேரத்தைப் பாருங்கள்: 5 நிமிடத்தைத் தாண்டினால் 108.

108ஐக் கூப்பிட்டவர் எந்த வாயில் என்று சொல்ல வேண்டும். ஒருவர் அந்த வாயிலில் போய் நின்று வண்டியை அழைத்து வர வேண்டும். அந்தப் பாதையில் பைக் நிறுத்தாமல் காலையிலிருந்தே கயிறு கட்டுங்கள்.

வெளி ஆட்களும் விளையாட்டும்

2018 ஜூலையில் கோவை அருகே ஒரு கல்லூரியில் பேரிடர் பயிற்சி என்ற பெயரில் மாடியிலிருந்து குதிக்க வைத்தபோது ஒரு மாணவி இறந்தார். பயிற்சி கொடுத்தவர் காட்டிய தகுதி பொய் என்று பிறகு தெரிந்தது. சாகசம், பயிற்சி என்று யாரை அழைத்தாலும் அவர் சொல்லும் நிறுவனத்துக்கு நீங்களே போன் செய்து சரிபாருங்கள். அவர் கொடுத்த எண்ணுக்கு அல்ல. ஜூனியர் வரவேற்பில் "டாஸ்க்" வைப்பதாக இருந்தால் தமிழ்நாட்டில் 1997 முதல் ராகிங் தடைச் சட்டம் இருப்பது நினைவிருக்கட்டும். மேடைக்கு வரமாட்டேன் என்றவரை இழுக்காதீர்கள்.

விழா அன்று

மதியம் 3 மணிக்கு, கூட்டத்தை உள்ளே விடும் முன், எல்லாக் கதவையும் இன்னொருமுறை திறந்து பாருங்கள். தொகுப்பாளர் முதல் அறிவிப்பிலேயே கதவுகள் எங்கே, முதலுதவி எங்கே என்று சொல்லட்டும், அரை நிமிடம் போதும். ஒலிபெருக்கியை இரவு 10க்கு முன் நிறுத்த வேண்டும் என்பது சட்டம். உங்கள் நிகழ்ச்சி 8க்கு முடிவதாகச் சொல்லியிருந்தால் 8க்கே முடியுங்கள். ஹாஸ்டல் மாணவிகளின் நேரமும், கடைசி பஸ்ஸும் அதை நம்பித்தான் இருக்கின்றன.

கூட்டம் போனபின் மெயின் சுவிட்சை அணைத்து, கழிவறை உட்பட எல்லா அறையிலும் ஆள் இருக்கிறார்களா என்று ஒருவர் பார்த்து வரட்டும். மிஞ்சிய சாப்பாட்டை "ஹாஸ்டலுக்குக் கொடுத்துடலாம்" என்றால் பெட்டியில் எழுதிய நேரத்தைப் பாருங்கள். கட்டி 4 மணி நேரம் ஆகியிருந்தால் குப்பைக்குப் போகட்டும். யாராவது தடுக்கி விழுந்திருந்தால், சிறிய அடியானாலும், பெயர், நேரம், இடம், என்ன செய்தோம் என்று அந்த ஐந்து கட்டத் தாளின் பின்பக்கமே எழுதி, ஹால் சாவியோடு கோஆர்டினேட்டரிடம் ஒப்படையுங்கள். தாளை ஒரு போட்டோ எடுத்து வையுங்கள், அடுத்த வருடச் செயலாளர் கேட்பார்.