இணையச் சேவை லைசென்ஸை ஒப்படைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"சேவையை நிறுத்திவிட்டோம், ரவுட்டர் சுவிட்ச் எல்லாம் விற்றாகிவிட்டது, கடைசி வாடிக்கையாளரும் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். இனி அந்த லைசென்ஸ் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?" சிறிய இணையச் சேவை நிறுவனம் நடத்தியவர்கள் பலரிடம் இந்தப் பேச்சைக் கேட்டிருக்கிறேன். கேட்கும்போதெல்லாம் மனசு பதறும். ஏனென்றால் மத்தியத் தொலைத்தொடர்புத் துறை தந்த லைசென்ஸ் என்பது சுவரில் மாட்டி வைக்கும் சான்றிதழ் இல்லை, அரசோடு போட்ட ஒப்பந்தம். பல தொலைத்தொடர்புச் சேவைகளுக்கும் ஒரே உரிமமாகத் தரப்படும் ஒருங்கிணைந்த உரிமம் (யூனிஃபைட் லைசென்ஸ்) என்றால் அதன் ஆயுள் 20 வருடம். நீங்கள் கடையை மூடிய செய்தி அந்த ஒப்பந்தத்துக்குத் தெரியாது. முறையாக ஒப்படைக்கும் வரை அது உயிரோடுதான் இருக்கும், கட்டணமும் ஏறிக்கொண்டேதான் இருக்கும்.

ஒப்படைப்பை இப்போது துறையின் 'சரள் சஞ்சார்' இணையதளம் வழியாகச் செய்யலாம். டெல்லிக்கு அலைய வேண்டியதில்லை என்பது நல்ல விஷயம். ஆனால் திரையில் நாலு பக்கம் நிரப்பிப் பொத்தானை அழுத்தினால் வேலை முடிந்தது என்ற நினைப்பையும் அது கூடவே கொண்டுவந்துவிட்டது. உண்மையில் அந்தப் பொத்தானில்தான் வேலை ஆரம்பிக்கிறது.

சும்மா கிடக்கட்டும் என்று விடுவது

எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான் என்பதால் இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒருங்கிணைந்த உரிமத்தில் ஆண்டுக் கட்டணம், திருத்தப்பட்ட மொத்த வருவாயில், அதாவது எல்லாரும் ஏ.ஜி.ஆர். என்று சொல்வதில், 8 சதவீதம். வருமானமே இல்லையென்றால் கட்டணமும் இல்லை என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். இரண்டாம் ஆண்டிலிருந்து குறைந்தபட்சக் கட்டணம் என்று ஒன்று உண்டு. அது நுழைவுக் கட்டணத்தில் 10 சதவீதம். நாடு முழுவதற்குமான 'ஏ' பிரிவு இணைய உரிமத்துக்கு நுழைவுக் கட்டணம் 30 லட்சம் ரூபாய் என்று இருந்தது. அந்தக் கணக்கில், ஒரு வாடிக்கையாளர்கூட இல்லாத நிறுவனமும் வருடத்துக்கு 3 லட்சம் கட்ட வேண்டும். ஒரு தொலைத்தொடர்பு வட்டத்துக்கான, 2 லட்சம் நுழைவுக் கட்டணம் உள்ள 'பி' பிரிவுக்கு 20,000 ரூபாய். அதைவிடச் சிறிய பகுதிக்கான, 20,000 ரூபாய் உள்ள 'சி' பிரிவுக்கு 2,000 ரூபாய்.

2,000 ரூபாய்தானே என்று 'சி' பிரிவுக்காரர்கள் அலட்சியமாக இருந்துவிடுகிறார்கள். தொகை சின்னதுதான். ஆனால் கட்டாத தொகைக்கு வட்டி உண்டு, வட்டிக்கும் வட்டி உண்டு. 2021 அக்டோபர் 1 முதல் விதிமுறை தளர்ந்திருக்கிறது: ஸ்டேட் வங்கியின் ஓராண்டு எம்.சி.எல்.ஆர். விகிதத்தோடு (வங்கி கடன் தரும் அடிப்படை வட்டியோடு) 2 சதவீதம், மாதக் கூட்டு வட்டிக்குப் பதிலாக ஆண்டுக் கூட்டு வட்டி, அபராதம் கிடையாது. அதற்கு முந்தைய காலத்துப் பாக்கி இருந்தால் நிலைமை இன்னும் கடுமை. அது போக, ஒவ்வொரு காலாண்டுக்கும் வருவாய் அறிக்கை தர வேண்டிய கடமையும் நிற்பதில்லை. வருமானம் பூஜ்யம் என்றால் பூஜ்யம் என்று எழுதித்தான் தர வேண்டும்.

சும்மா கிடந்த லைசென்ஸ் எதுவரை போகும் என்பதற்கு நாடறிந்த உதாரணம் ஒன்று உண்டு. அரசு எரிவாயு நிறுவனமான கெயில் 2002இல் ஓர் இணையச் சேவை உரிமம் வாங்கியது. 15 ஆண்டுகள் கழித்து 2017இல் அது காலாவதியானது. அந்த உரிமத்தை வைத்து எந்த வியாபாரமும் செய்யவில்லை என்று அந்த நிறுவனமே சொன்னது. ஆனாலும் 2019 அக்டோபர் 24 அன்று எந்தெந்த வருவாய் ஏ.ஜி.ஆரில் சேரும் என்ற வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகு, கெயிலிடம் சுமார் 1.72 லட்சம் கோடி ரூபாய் கேட்கப்பட்டது. பொதுத்துறை நிறுவனங்களிடம் அந்தத் தீர்ப்பை வைத்துப் பணம் கேட்டது சரியல்ல என்று 2020 ஜூனில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே மாதம் துறை அந்தக் கோரிக்கைகளில் பெரும்பகுதியைத் திரும்பப் பெற்றது. கெயிலுக்கு வாதாட வழக்கறிஞர் படை இருந்தது. மூன்று பேரை வைத்து நடத்திய கம்பெனிக்கு யார் இருக்கிறார்கள்? சேவை வேண்டாம் என்று முடிவெடுத்த மாதமே ஒப்படைப்பு வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

நாள் கணக்கில் தவறுவது

ஒருங்கிணைந்த உரிமத்தின்படி, ஒப்படைக்க விரும்புவோர் குறைந்தது 60 நாட்காட்டி நாட்களுக்கு முன் துறைக்கு அறிவிக்க வேண்டும். அறிவிப்பு துறைக்குப் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து 60 நாள் கழித்துத்தான் ஒப்படைப்பு அமலுக்கு வரும். சேவை நிற்கப்போகிறது என்று ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் 30 நாள் அறிவிப்பு தனியாகத் தர வேண்டும்.

ஓர் உதாரணம். ஜூன் 1 அன்று உங்கள் அறிவிப்பு கிடைத்தது என்று வையுங்கள். அமலாகும் நாள் ஜூலை 31. வாடிக்கையாளர் அறிவிப்பு ஜூலை 1க்குள் போயிருக்க வேண்டும். ஏப்ரல் முதல் ஜூன் வரைக்கான கட்டணம் ஜூலை 15க்குள். அதோடு முடியவில்லை. ஜூலை மாதம் முழுக்க லைசென்ஸ் உங்களிடம்தான் இருக்கிறது, அந்த ஒரு மாதக் கட்டணமும் உங்களுடையதுதான். 'ஜூன் 1இலேயே கொடுத்துவிட்டோமே' என்று ஜூலைக் கணக்கை விட்டுவிட்டால், பல மாதம் கழித்து அந்தச் சின்னத் தொகைதான் கோப்பை நிறுத்தி வைக்கும்.

வாடிக்கையாளர் அறிவிப்பை வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி போட்டு முடித்துவிடுகிறார்கள். "ஒவ்வொருவருக்கும்" என்பது நிபந்தனை. எஸ்.எம்.எஸ்., மின்னஞ்சல், பில்லோடு சேர்த்த கடிதம், எதுவானாலும் யாருக்கு எந்த நாளில் போனது என்று காட்டும் பட்டியலை எடுத்து வையுங்கள். ஆறு மாதம், ஒரு வருடம் என்று முன்பணம் கட்டியவர்களைத் தனியாகப் பிரித்துப் பாருங்கள். மீதிக் காலத்துக்கான பணமும் ரவுட்டருக்கு வாங்கிய டெபாசிட்டும் திரும்பிப் போக வேண்டும். அவர்கள் உங்களை நம்பிப் பணம் கட்டியவர்கள்.

பெரிய கம்பெனியோடு சேரும்போது

லைசென்ஸை ஒப்படைக்கிற சிறிய நிறுவனங்களில் பல உண்மையில் தொழிலை விட்டுப் போவதில்லை. பெரிய நிறுவனம் ஒன்றின் பங்காளராக மாறி, அதே தெருக்களில் அதே கேபிளில் தொடர்கிறார்கள். இங்கே இரண்டு தவறுகள் நடக்கின்றன.

முதலாவது, லைசென்ஸையே கை மாற்றிவிடலாம் என்ற நினைப்பு. துறையின் முன் அனுமதி எழுத்தில் இல்லாமல் அது முடியாது. இரண்டாவது, பில் குழப்பம். மாறும் மாதத்தில் பாதிப் பேருக்கு உங்கள் பெயரிலும் மீதிப் பேருக்கு புது நிறுவனத்தின் பெயரிலும் பில் போகும். உங்கள் பெயரில் போன ஒவ்வொரு ரூபாயும் உங்கள் ஏ.ஜி.ஆர். கணக்கில்தான் சேரும். எந்தத் தேதியிலிருந்து யார் பெயரில் பில் என்று இருவரும் எழுதிக் கையெழுத்திட்டுக் கொள்ளுங்கள். வாடிக்கையாளரின் விண்ணப்பப் படிவமும் அடையாளச் சரிபார்ப்பும் புது நிறுவனத்தின் பெயரில் புதிதாக நடக்க வேண்டும்.

தளத்தில் நிரப்பும்போது

லைசென்ஸ் வாங்கிய காலத்தில் கையெழுத்திட்ட இயக்குநர் இன்று கம்பெனியில் இல்லை. பதிவு செய்த மொபைல் எண் எப்போதோ போன ஊழியருடையது. ஓ.டி.பி. யாருக்கோ போகிறது. இது அடிக்கடி நடக்கிறது. எனவே ஒப்படைப்புக்குப் போவதற்கு முன் கையெழுத்து அதிகாரம் பெற்றவர், முகவரி, மின்னஞ்சல், மொபைல் எல்லாவற்றையும் சரிசெய்யுங்கள். ஒப்படைப்பது என்றும் இன்னார் கையெழுத்திடுவார் என்றும் சொல்லும் இயக்குநர் குழுத் தீர்மானம் கையில் இருக்கட்டும். கம்பெனியின் பெயர் இடையில் மாறியிருந்தால், அந்த மாற்றம் துறையின் பதிவில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது, எதை ஒப்படைக்கிறோம் என்பதில் தெளிவு. ஒருங்கிணைந்த உரிமம் ஒன்றுக்குள்ளேயே பல சேவைகளுக்கான, பல பகுதிகளுக்கான அங்கீகாரங்கள் இருக்கலாம். ஒரு பகுதியை மட்டும் விட நினைத்து முழு உரிமத்தையும் குறித்துவிடுவதும் உண்டு, முழுவதையும் விட நினைத்து ஒன்றை மட்டும் குறித்துவிட்டு நிம்மதியாக இருப்பதும் உண்டு. ஒப்பந்த நகலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எண்ணையும் தேதியையும் ஒன்றுக்கு இரண்டு முறை ஒப்பிட்டுப் பாருங்கள். கடைசியில் வரும் ஒப்புகையைத் தரவிறக்கி வைக்க மறக்க வேண்டாம். 60 நாள் கணக்கில் பின்னால் தகராறு வந்தால் உங்களுக்கு ஆதாரம் அதுதான்.

வயர்லெஸ் வேறு கணக்கு. மைக்ரோவேவ் இணைப்புக்கென அலைக்கற்றை உரிமம் வாங்கியிருந்தால் அது துறையில் அலைக்கற்றையைக் கவனிக்கும் டபிள்யூ.பி.சி. பிரிவின் கீழ் வரும். இணைய லைசென்ஸை ஒப்படைத்தால் அதுவும் தானாகப் போய்விடும் என்று எண்ணக் கூடாது. உரிமம் தேவைப்படும் ரேடியோ கருவிகளை வைத்திருப்பதற்கே அனுமதி வேண்டும் என்பது 1933ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே உள்ள விதி. 2023ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டமும் அதையே சொல்கிறது. ஆகவே அந்தக் கருவிகளை என்ன செய்யப்போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

கணக்கும் வங்கி உத்தரவாதமும்

ஒப்படைப்பு நிஜமாகவே முடிவது உங்கள் பகுதியின் சி.சி.ஏ. அலுவலகத்தில், அதாவது தகவல் தொடர்புக் கணக்குக் கட்டுப்பாட்டாளர் அலுவலகத்தில். ஆண்டுவாரியாக வருவாய் அறிக்கை, தணிக்கை செய்த கணக்கு, வருவாயிலிருந்து கழித்த தொகைகளுக்கான ஆதாரங்கள் எல்லாவற்றையும் சரிபார்த்துப் பாக்கி இல்லை என்று அங்கே முடிவாக வேண்டும். கட்டணமும் அறிக்கைகளும் 'சரஸ்' தளத்தில் போகின்றன. அங்கே ஏதாவது ஒரு காலாண்டு காலியாக இருக்கிறதா என்று ஒப்படைப்புக்கு முன்பே பாருங்கள். மார்ச் காலாண்டுக்கு மட்டும் கெடு மார்ச் 25 என்பதால், அதை மற்றவை போல ஏப்ரல் 15 என்று நினைத்துத் தாமதமாகக் கட்டி, வட்டிப் பாக்கி தெரியாமல் நிற்பது சகஜம். சேவை நின்றதும் கணக்காளரை அனுப்பிவிட வேண்டாம். இந்த வேலை முடியும் வரையாவது பகுதி நேரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

வங்கி உத்தரவாதத்தில், அதாவது உங்கள் பாக்கிக்கு ஈடாக வங்கி துறைக்குத் தந்த உறுதிப் பத்திரத்தில், நடக்கும் தவறு இன்னும் வலிக்கும். லைசென்ஸை ஒப்படைத்தாயிற்றே, இனி எதற்குப் புதுப்பிக்க வேண்டும் என்று விட்டுவிடுகிறார்கள். பாக்கி தீர்ந்து, அசல் உத்தரவாதப் பத்திரம் விடுவிக்கப்படும் வரை அது செல்லுபடியாக இருக்க வேண்டும். காலாவதி தேதி நெருங்கியும் நீட்டிப்பு வரவில்லையென்றால் துறை அதைப் பணமாக்கிக்கொள்ளலாம். அப்படிப் போன பணத்துக்காக அலைவதைவிட, இன்னொரு வருடத்துக்கு வங்கிக் கமிஷன் கட்டுவது எவ்வளவோ மேல். 2021 அக்டோபரில் உத்தரவாதத் தொகைகள் 80 சதவீதம் குறைக்கப்பட்டன. அப்போது குறைத்த தொகைக்கு மாறியவர்கள் பழைய பத்திரம் கையில் திரும்பி வந்ததா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். அது துறையிடமே இருந்தால், வங்கியில் அதற்கு ஈடாக வைத்த வைப்புத்தொகையும் மாட்டிக்கொண்டிருக்கும்.

சர்வரை அழிப்பதற்கு முன்

சேவை நின்ற வாரமே சர்வரை அழித்து விற்றுவிடுகிறார்கள். வேண்டாம். யார் எந்த ஐ.பி. முகவரியை எந்த நேரத்தில் பயன்படுத்தினார் என்ற பதிவுகளைக் குறைந்தது இரண்டு வருடம் வைத்திருக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் உரிம விதி திருத்தப்பட்டது. அதற்கு முன் ஒரு வருடமாக இருந்தது. நீங்கள் தொழிலை விட்ட பிறகும், நீங்கள் சேவை தந்த காலத்தில் நடந்த ஓர் இணைய மோசடி பற்றிக் காவல்துறை கேட்டு வரலாம். கேட்பவர்களுக்கு எடுத்துத் தரும் நிலையில் அந்தப் பதிவுகளும் வாடிக்கையாளர் விண்ணப்பங்களும் இருக்கட்டும். யார் பொறுப்பில் எந்த இடத்தில் இருக்கின்றன என்று எழுதி, ஒப்படைப்புக் கோப்பிலேயே சேர்த்துவிடுங்கள்.

ஐ.பி. முகவரிகளை, இந்தியாவில் அவற்றை ஒதுக்கித் தரும் 'ஐரின்' (நிக்ஸி அமைப்பின் கீழ் இயங்குவது) வழியாக வாங்கியிருந்தால் அங்கேயும் தனியாகத் தெரிவிக்க வேண்டும். லைசென்ஸ் போன செய்தி அவர்களிடம் தானாகப் போய்ச் சேராது, ஆண்டுக் கட்டண பில் மட்டும் உங்களுக்கு வந்துகொண்டிருக்கும்.