செட்டிநாட்டு வீட்டில் ஐந்து நாள் டீடாக்ஸ்: சுகர்காரர்கள் பெட்டியைக் கட்டுவதற்கு முன்னால்

கானாடுகாத்தான் பக்கம் பழைய செட்டிநாட்டு வீட்டில் ஐந்து நாள் டீடாக்ஸ் என்று விளம்பரம் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். போன தை மாதம் நானும் போனேன், பதினோரு வருஷச் சுகரையும் முடக்குவாதத்தையும் கூட்டிக்கொண்டு.

போகாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. பணம் கட்டுவதற்கு முன்னால் ஐந்து நாள் சாப்பாட்டுப் பட்டியலை வாட்ஸ்அப்பில் கேட்டு வாங்கி, மாத்திரைச் சீட்டோடு உங்கள் டாக்டரிடம் காட்டுங்கள். "டீடாக்ஸ் போகலாமா" என்று மட்டும் கேட்டால் சிரித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார். "காலையில் வாழைத்தண்டுச் சாறு, மத்தியானம் வரைக்கும் வேறு ஒன்றும் கிடையாது, சுகரை இறக்கும் கிளிமிபிரைடு மாத்திரையை என்ன செய்ய?" என்று கேட்டால்தான் பதில் வரும்.

நான் கேட்கவில்லை. இரண்டாம் நாள் பதினோரு மணி வாக்கில் நடுமுற்றத்து வளவில் உட்கார்ந்திருக்கும்போது கை நடுங்கி, குப்பென்று வேர்த்து, தரையில் ஆத்தங்குடிக் கல்லின் பூக்கள் இரண்டிரண்டாகத் தெரிய ஆரம்பித்தன. குளுக்கோமீட்டரில் 58. "என்னாத்தா இது, மொகம் இப்புடி வெளுத்துக் கெடக்கு" என்று சமையல்கார அம்மா மூன்று டீஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்தார். கால் மணி நேரத்தில் 84. நச்சு வெளியேறும்போது அப்படித்தான் இருக்கும் என்றார் தெரபிஸ்ட்! நச்சை வெளியேற்றக் கல்லீரலும் சிறுநீரகமும் தினமும் வேலை பார்க்கின்றன. எனக்கு இறங்கியது வெறும் சுகர்.

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்கிற சுகர் மாத்திரைகளைச் சாப்பிடுகிறவர்கள் பட்டினி கிடந்தால் சுகர் பெரிதாக ஏறாமலேயே, ரத்தத்தில் அமிலம் கூடும் கீட்டோஅசிடோசிஸ் வரலாம், அதனால் முன்கூட்டியே நிறுத்த வேண்டுமா என்று டாக்டரைக் கேட்டே ஆக வேண்டும். ஸ்டீராய்டு வேறு கதை. மாதக்கணக்கில் சாப்பிட்டு வந்ததைச் சட்டென்று நிறுத்தினால் பிரஷர் இறங்கி உயிருக்கே ஆபத்தாகிவிடும். எல்லா மாத்திரையையும் நிறுத்திவிட்டு வாருங்கள் என்கிற இடமா, அட்வான்ஸைத் திரும்பக் கேளுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் இளநீரும் சாறுகளும் பொட்டாசியத்தை ஏற்றிவிடும். பிரஷருக்கு, நீர் பிரிய மாத்திரை போடுகிறவர்களுக்குப் பேதி மருந்து வேண்டவே வேண்டாம்.

பாதம் மரத்துப்போனவர்கள் கூழாங்கல்லில் 8 போட்டு நடக்க வேண்டாம், வெந்நீரில் கால் வைப்பதும் வேண்டாம். கொப்புளம் போட்டாலும் தெரியாது. பி.என்.ஒய்.எஸ். (இயற்கை மருத்துவம், யோகா) அல்லது சித்தா படித்த டாக்டர் ராத்திரி அங்கேயே தங்குகிறாரா, காரைக்குடிக்குக் கார் உடனே கிடைக்குமா என்றும் கேட்டுவிடுங்கள். பங்குனி, சித்திரை வெயிலில் மட்டும் போகாதீர்கள், இன்சுலினும் தாங்காது நீங்களும் தாங்க மாட்டீர்கள்.

இத்தனைக்கும் அந்த ஐந்து நாளும் ஒன்பது மணிக்கே தூங்கினேன், ஃபோனைத் தொடவில்லை, எண்ணெய் தேய்த்ததில் விரல் மூட்டு கொஞ்சம் மடங்கியது. அடுத்த மார்கழிக்கும் போகலாம் என்றிருக்கிறேன். காலையில் இரண்டு இட்லி கொடுப்பார்களா என்று கேட்டிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை.