இடையில் சில முனைகளைக் கட்டாயம் தொட்டுச் செல்லும் குறும்பாதை

எடையுள்ள கிராஃபில், அதாவது முனைகளும் அவற்றை இணைக்கும், தூரம் (எடை) குறித்த விளிம்புகளும் கொண்ட வலையில், ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்குக் குறுகிய வழியில் போக டைக்ஸ்ட்ரா என்ற குறும்பாதை முறை போதும். நடுவே சில முனைகளைத் தொட்டே ஆக வேண்டும், எந்த வரிசையில் தொட்டாலும் சரி என்றால், முதலில் அந்த முனைகளுக்கு இடையிலான தூர அட்டவணை போட வேண்டும். வரிசை அதற்குப் பிறகுதான்.

தொட வேண்டியவை 10 என்று வையுங்கள். தொடக்கத்திலிருந்து ஒன்று, அந்தப் பத்திலிருந்தும் ஒவ்வொன்று, ஆக 11 முறை டைக்ஸ்ட்ராவை ஓட்டுங்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ‘முந்தைய முனை’ பட்டியலை (ஒவ்வொரு முனைக்கும் எதிலிருந்து வந்தோம் என்ற குறிப்பை) தனியாக வையுங்கள். ஹீப்பிலிருந்து (மிகக் குறைந்த தூரத்தை முதலில் தரும் வரிசையிலிருந்து) வரும் தூரம் ஏற்கெனவே பதிந்ததைவிடப் பெரிதென்றால் அதைத் தள்ளிவிடுங்கள்; இல்லாவிட்டால் நேரம் வீணாகும். ஒருவழி விளிம்புகள் இருந்தால் அ முனையிலிருந்து ஆ முனைக்கான தூரமும் ஆ-விலிருந்து அ-வுக்கான தூரமும் வேறாக இருக்கலாம். அட்டவணையின் ஒரு பாதியை மறுபாதிக்கு நகலெடுக்காதீர்கள்.

வரிசையில்தான் பலரும் சறுக்குகிறார்கள். அருகில் உள்ளதை முதலில் தொடுவது சரியாகத் தோன்றும். தொட வேண்டியவை அ, ஆ இரண்டு மட்டும் என்று வையுங்கள்: தொடக்கத்திலிருந்து அ-வுக்கு 4, ஆ-வுக்கு 5, அ–ஆ இரு திசையிலும் 6, முடிவுக்கு அ-விலிருந்து 3, ஆ-விலிருந்து 9. அருகிலுள்ள அ-வுக்கு முதலில் போனால் 4+6+9=19. ஆ-வுக்கு முதலில் போனால் 5+6+3=14.

10 முனைகளுக்கு எல்லா வரிசைகளும் 36,28,800. அத்தனையையும் சோதிப்பதற்குப் பதில், 1962-இல் வெளியான ஹெல்ட்–கார்ப் முறையைக் கையாளுங்கள்: தொட்டு முடித்த முனைகளை ஓர் எண்ணின் பிட்டுகளில் குறித்து, அந்த முனைத் தொகுப்புக்கும் கடைசியாக நின்ற முனைக்கும் சேர்த்து மிகக் குறைந்த தூரத்தைப் பதியுங்கள். வேலை 2¹⁰×10², ஏறத்தாழ ஒரு லட்சம் படிகள். 20 முனைகளுக்கு அது 42 கோடியாகிவிடும். பைதானில் எழுதினால் நெடுநேரம் காத்திருக்க வேண்டும்.

‘எட்டாத தூரம்’ என்பதற்கு 32 பிட்டின் உச்ச எண்ணை வைத்தால், அதோடு எதையாவது கூட்டியதும் எண் வரம்பைத் தாண்டி எதிர்மறையாகி அதுவே ‘குறுகிய’ வழியாகிவிடும். 64 பிட்டில் 10¹⁸ வையுங்கள். எதிர்மறை எடைகள் இருந்தால் டைக்ஸ்ட்ரா ஆகாது, எதிர்மறை எடைகளையும் கையாளும் பெல்மன்–ஃபோர்டு முறைதான். எல்லா விளிம்புக்கும் ஒரே எண்ணைக் கூட்டிச் சமாளிக்கப் பார்த்தால், விளிம்புகள் அதிகமுள்ள பாதைக்கு எடை கூடுதலாக ஏறி விடை மாறிவிடும்.

ஒரே முனையை இரண்டு முறை கடக்கக் கூடாது என்ற நிபந்தனை இருந்தால் இந்த முறை பொருந்தாது; அது இதைவிடக் கடினமான கணக்கு.

கடைசியில் துண்டுப் பாதைகளை இணைக்கும்போது, ஒன்றின் இறுதி முனையே அடுத்ததன் முதல் முனை. ஒரு முறை மட்டும் எழுதுங்கள். இணைத்த பாதையின் விளிம்பு எடைகளைக் கூட்டி, கணக்கில் வந்த விடையோடு ஒப்பிடுங்கள். பொருந்தாவிட்டால், ‘முந்தைய முனை’ பட்டியல்களில் ஒன்றை இன்னொன்று அழித்திருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.