பச்சை விளக்கு பொய் சொல்லக் கூடாது: வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு வி.பி.என். கிளையன்ட்

வி.பி.என். என்பது வீட்டு லேப்டாப்பை ஆபீஸ் நெட்வொர்க்கோடு குறியாக்கப்பட்ட ஒரு சுரங்கம் வழியாக இணைப்பது; லேப்டாப்பில் அதைச் செய்யும் மென்பொருள்தான் கிளையன்ட். அதை எழுத உட்காருபவர்கள் எந்த ப்ரோட்டோகால் (இரு முனையும் பேசிக்கொள்ளும் முறை) என்ற விவாதத்திலேயே நாளைக் கழித்துவிடுவார்கள். அதை ஒரே வரியில் முடித்துக்கொள்ளுங்கள்: வயர்கார்டு. 2020-ல் லினக்ஸின் மையப்பகுதியான கெர்னல் 5.6-லேயே அது சேர்ந்துவிட்டது. விண்டோஸுக்குக் கையெழுத்திட்ட டிரைவர் தயாராகக் கிடைக்கிறது. மேக்குக்கு கோ மொழியில் எழுதிய வடிவம் இருக்கிறது. குறியாக்கத்தை நாமே எழுதலாமே என்ற ஆசை வந்தால் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள், போய்விடும்.

நான் எழுதும் கிளையன்டைப் பயன்படுத்துபவர்கள் பெரும்பாலும் அக்கவுண்ட்ஸ் ஆட்கள். கோயம்புத்தூர் ஆபீஸில் இருக்கும் விண்டோஸ் சர்வருக்குள் ரிமோட் டெஸ்க்டாப் வழியாகப் போய் டேலியில் பில் போடுவார்கள். ஈரோட்டிலிருந்து பில்லிங் பார்க்கும் அக்காவுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: இப்போது டேலி திறக்குமா, திறக்காதா? சர்வர் பட்டியல், உலக வரைபடம், எத்தனை எம்.பி. போனது வந்தது என்ற கணக்கு, எதுவும் அவருக்கு வேண்டாம். ஒரு பட்டன், பக்கத்தில் ஒரு விளக்கு. அந்த விளக்கைச் சரியாக எரிய வைப்பதுதான் முக்கால்வாசி வேலை.

காரணம், வயர்கார்டில் 'கனெக்டட்' என்று ஒரு நிலையே கிடையாது. லேப்டாப்பில் அதன் இன்டர்ஃபேஸை (சுரங்கத்தின் இந்தப் பக்க வாசலை) எழுப்பிவிட்டால் அது பாட்டுக்கு நிற்கும்; எதிர்முனையில் சர்வர் அணைந்து கிடந்தாலும் நிற்கும். இன்டர்ஃபேஸ் எழுந்ததுமே பச்சை காட்டினால் என்ன ஆகும்? அக்கா டேலியைத் திறப்பார், அது சுற்றிக்கொண்டே இருக்கும், ஹெல்ப்டெஸ்குக்கு போன் வரும்: "பச்சையாத்தான் தம்பி இருக்கு, ஆனா ஓட மாட்டேங்குது."

ஆகவே இரண்டு விஷயம் தேறிய பிறகே பச்சை. முதலாவது, கடைசி ஹேண்ட்ஷேக் (இரு முனையும் கீயைச் சரிபார்த்துக் கைகுலுக்குவது) எப்போது நடந்தது என்று வயர்கார்டிடமே கேளுங்கள். கீப்-அலைவை (இணைப்பை உயிரோடு வைக்க அனுப்பும் சின்னப் பாக்கெட்டை) 25 வினாடிக்கு வைத்திருந்தால், சும்மா இருக்கும்போதும் ஏறத்தாழ இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஹேண்ட்ஷேக் புதுப்பிக்கப்படும். 180 வினாடி தாண்டியும் புதிதாக எதுவும் நடக்கவில்லை என்றால் அந்த இணைப்பு போய்விட்டது என்று அர்த்தம். இரண்டாவது, சுரங்கத்துக்குள்ளே போய் அக்கா பயன்படுத்தும் சர்வரில் ரிமோட் டெஸ்க்டாப்புக்கான 3389 போர்ட்டையே தட்டிப் பாருங்கள். பிங் (மெஷின் உயிரோடு இருக்கிறதா என்று மட்டும் கேட்பது) வேண்டாம், பிங்குக்குப் பதில் சொல்லிக்கொண்டே ரிமோட் டெஸ்க்டாப் சேவை மட்டும் படுத்துக் கிடக்கும் நாட்கள் உண்டு. ஹேண்ட்ஷேக் இருக்கிறது, 3389 திறக்கவில்லை என்றால் விளக்கு மஞ்சள். அதன் கீழே: "ஆபீஸ் சர்வர் பதில் சொல்லவில்லை. உங்கள் பக்கம் கோளாறு எதுவும் இல்லை." அந்த இரண்டாவது வாக்கியம் இருந்தால் யாரும் ரவுட்டரைப் பிடுங்கிப் பிடுங்கி மாட்டிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

ஹேண்ட்ஷேக்கே நடக்கவில்லை என்றால்தான் சிக்கல். அடையாளம் தெரியாத பாக்கெட்டுக்கு வயர்கார்டு சர்வர் 'போ' என்றுகூடச் சொல்லாது. போர்ட் அடைபட்டிருக்கிறதா, லேப்டாப்பின் அடையாளக் கீ ரத்தாகிவிட்டதா, சர்வரே இல்லையா, எல்லாவற்றுக்கும் ஒரே மௌனம். இதற்காகவே வெளியே, சுரங்கத்துக்குச் சம்பந்தமில்லாமல், ஹெச்.டி.டி.பி.எஸ். வழியில் ஒரு சின்னச் சேவை வையுங்கள். "இந்த லேப்டாப்பின் கீ இன்னும் செல்லுமா?" என்று கிளையன்ட் அதனிடம் கேட்கட்டும். செல்லும் என்று பதில் வந்தும் ஹேண்ட்ஷேக் இல்லை என்றால், அநேகமாக அந்த வைஃபையில் யு.டி.பி. (வயர்கார்டு பாக்கெட் போகும் வழி) அடைப்பு. ஹோட்டல்களில் இது சாதாரணம். சர்வரை வழக்கமான 51820 போர்ட்டில் மட்டுமல்லாமல் யு.டி.பி. 443-லும் கேட்க வைத்து, கிளையன்ட் தானாக அதற்கு மாறட்டும். ப்ரவுசர்களே அந்தப் போர்ட்டைப் பயன்படுத்துவதால் பல இடங்களில் திறந்திருக்கும். அந்தச் சேவையிடமிருந்து சரியான பதில் வராமல், சாதாரண ஹெச்.டி.டி.பி. கோரிக்கையை வேறு ஏதோ வலைப்பக்கத்துக்குத் திருப்பிவிட்டால், அது வைஃபை லாகின் பக்கம்: "இந்த வைஃபை லாகின் கேட்கிறது. திறக்கவா?" சான்றிதழ் இன்னும் நடைமுறைக்கே வரவில்லை என்று பிழை வந்தால், லேப்டாப்பில் தேதி பின்னால் போயிருக்கும். கடிகாரத்தை ஓட்டும் சிமாஸ் பேட்டரி செத்த பழைய லேப்டாப் இதைச் செய்யும். வயர்கார்டும் கடைசியாகப் பார்த்ததைவிடப் பழைய நேரத்தோடு வரும் ஹேண்ட்ஷேக்கை ஏற்காது. "கடிகாரம் தவறு" என்று சொல்லிவிடுங்கள்.

இனி கட்டுமானம். கிளையன்டை இரண்டாகப் பிரியுங்கள். நெட்வொர்க்கைத் தொடும் பகுதி விண்டோஸ் சர்வீஸாகப் பின்னால் ஓட வேண்டும். ஜன்னலும் டிரே ஐகானும் சாதாரணப் பயனராக ஓட வேண்டும். ஆபீஸ் லேப்டாப்பில் அக்காவிடம் அட்மின் பாஸ்வேர்டு இருக்காது, இருக்கவும் கூடாது. இரண்டுக்கும் நடுவே நேம்ட் பைப் (விண்டோஸில் இரண்டு புரோகிராம்கள் பேசிக்கொள்ளும் குழாய்) வழியாக மூன்று கட்டளை போதும்: இணை, துண்டி, நிலை சொல். ஃபைல் பாதை, ஸ்கிரிப்ட் என்று எதையும் ஜன்னலிடமிருந்து சர்வீஸ் வாங்கக் கூடாது. வாங்கினால் அந்த லேப்டாப்பில் ஓடும் எந்த புரோகிராமுக்கும் அட்மின் அதிகாரத்தைத் தூக்கிக் கொடுத்தது போல. மேக்கில் இதே வேலை நெட்வொர்க் எக்ஸ்டென்ஷனுக்குப் போகும், முதல் முறை பயனர் அனுமதி தர வேண்டும். அந்த ஒரு திரைக்குப் படம் போட்டு விளக்குங்கள்.

கீயும் சர்வர் முகவரியும் உள்ள கான்ஃபிக் ஃபைலை மெயிலில் அனுப்பி "இம்போர்ட் செய்யுங்கள்" என்பது வேண்டவே வேண்டாம். அது வாட்ஸ்அப் வரைக்கும் போகும். கீ ஜோடி (ரகசியமான பிரைவேட் கீயும், வெளியே காட்டக்கூடிய பப்ளிக் கீயும்) அந்த லேப்டாப்பிலேயே உருவாகட்டும். பப்ளிக் கீ மட்டும் வெளியே போகட்டும். லாகினுக்குச் சொந்தப் பெட்டி எதுவும் வரையாமல் பயனரின் ப்ரவுசரையே திறந்து ஆபீஸ் மெயில் கணக்கால் நுழைய விடுங்கள். ஓ.டி.பி. அங்கேயே முடிந்துவிடும்.

அப்புறம் முகவரி மோதல். ஆபீஸ் நெட்வொர்க் 192.168.1 என்று தொடங்கினால், பாதி வீட்டு ரவுட்டர்களும் அப்படித்தான் தொடங்கும். அக்கா ஆபீஸ் சர்வரைத் தேடுவார், பாக்கெட் வீட்டுப் பிரின்டருக்குப் போகும். முழு நெட்வொர்க்குக்கும் ரூட் (பாக்கெட் போக வேண்டிய வழி) போடாமல் சர்வர் ஒவ்வொன்றுக்கும் தனி ரூட் போட்டால் பெரும்பாலும் தப்பிக்கலாம். நிரந்தரத் தீர்வு, ஆபீஸ் எண்களை 10-ல் தொடங்கும், யாரும் எளிதில் பயன்படுத்தாத ஒரு வரிசைக்கு மாற்றுவது. நெட்வொர்க் டீம் முணுமுணுக்கும், ஆனாலும் கேளுங்கள். ஆபீஸ் போக்குவரத்து மட்டும் சுரங்கத்தில் போகட்டும்; பையனின் யூடியூப் எதற்கு நம் லைனில்? பெயரை ஐ.பி. முகவரியாக மாற்றும் டி.என்.எஸ்.ஸும் அப்படியே: ஆபீஸ் பெயர்கள் மட்டும் ஆபீஸ் டி.என்.எஸ்.ஸிடம். சர்வீஸ் நடுவில் செத்துப்போனால், அடுத்த முறை எழும்போது முதல் வேலையாகப் பழைய டி.என்.எஸ். விதிகளைத் துடைக்க வேண்டும்.

எம்.டி.யு., அதாவது ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு, அதைப் பற்றி ஒன்று. வயர்கார்டின் வழக்கமான அளவு 1420. சாதாரண நெட்வொர்க்கின் 1500-ல் வயர்கார்டின் உறைக்காக 80 பைட் கழித்தது. பி.பி.பி.ஓ.இ. முறையில் லாகின் ஆகும் பிராட்பேண்ட் அதற்கு மேல் 8 பைட் தின்னும், மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இன்னும் குறையலாம். அறிகுறி விசித்திரமாக இருக்கும்: லாகின் ஆகும், சின்னத் திரைகள் வரும், பெரிய ரிப்போர்ட்டைத் திறந்தால் உறைந்துவிடும். பேசாமல் 1280 வைத்துவிடுங்கள். வேகத்தில் குறைவது பில்லிங்கில் தெரியாது.

ஆபீஸில் இரண்டு லைன் இருந்தால் இதையும் கவனியுங்கள்: வயர்கார்டு சர்வர் பெயரை ஒரு முறைதான் ஐ.பி.யாக மாற்றும். முதல் லைன் போய் இரண்டாவதுக்கு மாறினாலும் கிளையன்ட் பழைய ஐ.பி.யையே தட்டிக்கொண்டிருக்கும். ஹேண்ட்ஷேக் பழசாகிவிட்டால் பெயரை மறுபடி கேட்கும்படி நாம்தான் எழுத வேண்டும்.

எழுத்துகள் தமிழில் வைப்பதாக இருந்தால் பட்டன் அகலத்தைப் பூட்டாதீர்கள். ஆங்கிலத்துக்கு அளவெடுத்த பட்டனில் "இணைக்கிறது" பாதி வெட்டுப்படும். விண்டோஸில் நிர்மலா யு.ஐ. எழுத்துரு கூடவே வருகிறது, அது போதும்.

வெளியிடும் முன் லேப்டாப்பை மூடித் திறந்து பாருங்கள், வைஃபையிலிருந்து ஹாட்ஸ்பாட்டுக்கு மாறிப் பாருங்கள், டாஸ்க் மேனேஜரில் சர்வீஸைக் கொன்று பாருங்கள். அப்டேட் சத்தமில்லாமல் இறங்கட்டும், ஆனால் இணைப்பில் இருக்கும்போது நிறுவப்படக் கூடாது. மாதத்தில் 11-ம் தேதியையும் 20-ம் தேதியையும் ஒட்டி எந்த அப்டேட்டும் அனுப்பாதீர்கள், ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போட்டுக்கொண்டிருப்பார்கள்.