தூரத்துக் காதல்: ஆட்டிசம் உள்ளவர்களுக்கு

நான் மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். என் காதலர் தூரத்து ஜொகூர் பாருவில். துணை தேடும் செயலியில் உங்கள் அறிமுகக் குறிப்பிலேயே ஆட்டிசத்தைச் சொல்லிவிடுங்கள். ஓடுகிறவர் அன்றே ஓடட்டும். "ஜாடை புரியாது, நேராகச் சொல்லுங்கள்" என்றும் சேருங்கள். திடீர் அழைப்பு திணறவைத்தால், நேரம் குறித்துப் பேசுங்கள். மற்றபடி எழுத்தே போதும். பதில் வராவிட்டால் என்ன காரணம் என்று முன்பே கேட்டுவையுங்கள். என் காதலருக்கு இரவு வேலை, பகலில் தூங்குகிறார், அவ்வளவுதான்.

முகம் காட்டாமல் பணம் கேட்டால் பேச்சை நிறுத்துங்கள். அனுப்பிவிட்டால் உடனே 997-ஐ அழையுங்கள். இணைய மோசடிக்கான தேசிய எண் அது.

முதல் சந்திப்பை ஈப்போவில் வைத்தோம். தோட்டத்து அத்தைகளின் கண்ணில் படாத தூரம்! பேரங்காடி வேண்டாம், இரைச்சல் தாங்காது. காலையில் கூட்டமில்லாத சாப்பாட்டுக் கடை நல்லது. இடத்தை அக்காவிடம் சொல்லிவிட்டுப் போங்கள். எதிரே உட்காராமல் பக்கத்தில் உட்காருங்கள். கண்ணைப் பார்க்க வேண்டியதில்லை.