கண்மாயில் வலசைப் பறவைகளின் உறவைக் கவனிக்கும் முறை

வடகிழக்குப் பருவமழையில் செட்டிநாட்டுக் கண்மாய்கள் நிறைந்த பிறகு, வடக்கேயிருந்து வலசை வரும் வாத்துகளும் உள்ளான்களும் நம் ஊர்க் கொக்கு, நாரைகளோடு ஒரே நீரைப் பங்கிட்டு வாழ்கின்றன. இனங்களை எண்ணிப் பட்டியலிடுவதைவிட, ஓர் இனத்தின் இருப்பு மற்றோர் இனத்துக்கு எவ்வாறு உதவுகிறது, எங்கே இடைஞ்சலாகிறது என்று பார்ப்பதே பயனுள்ளது என்பது என் கருத்து.

சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூர் அருகே 1977இல் அறிவிக்கப்பட்ட வேட்டங்குடி சரணாலயம் இதற்கு ஏற்ற இடம். பறவைகள் மிரளக் கூடாதென்று தீபாவளிக்கும் வெடி வெடிக்காத கொள்ளுக்குடிப்பட்டி மக்களின் ஊர் அது. ஆகவே அங்கே தாழ்ந்த குரலிலேயே பேசுங்கள். காலையில் கிழக்குக் கரையில் நின்றால் வெயில் முதுகுப்பக்கம் விழும், நிறங்கள் தெளியும்.

முதலில் நீர்க்காகக் கூட்டத்தைத் தேடுங்கள். அவை சேர்ந்து முங்கி மீன்களை விரட்டும்போது, கலைந்த மீன்கள் கரையோர ஆழமற்ற நீருக்கு ஒதுங்குவதும், சின்னக் கொக்குகள் அக்கூட்டத்துக்கு இணையாகக் கரையிலேயே ஓடி அவற்றைக் கொத்துவதும் தெரியும். கொக்கு முன்கூட்டியே வந்து நிற்கிறதா, நீர்க்காகம் முங்கிய பிறகு வருகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, வெள்ளை அலகும் நெற்றியும் கொண்ட கருநிற நாமக்கோழிகள். இவை முங்கி அடிநீர்ப் பாசியை அலகில் கவ்வி மேலே கொண்டுவரும். வலசை வந்த நாமத்தலை வாத்து, உணவுக்காக ஆழத்தில் முங்குவதில்லையாதலால், அருகிலேயே மிதந்து காத்திருந்து அந்தப் பாசியைப் பறித்துத் தின்னும். பறிகொடுத்த நாமக்கோழி பெரும்பாலும் சண்டையை நீட்டாமல் மறுபடி முங்கிவிடுவதை நிதானமாகப் பாருங்கள். அந்த வாத்து அங்கேயே மிதந்துகொண்டிருப்பதன் காரணம் அப்போது விளங்கும்.

சேற்றுப்பருந்து தாழப் பறந்து வந்தால் பருந்தையே பார்த்துக்கொண்டிருக்காமல் நீரைப் பாருங்கள். ஆள்காட்டிப் பறவையின் எச்சரிக்கைக் கூவலுக்கு எந்தெந்த இனங்கள் எழுகின்றன, சிதறி மேய்ந்த நாமக்கோழிகள் எவ்வளவு நெருங்கித் திரள்கின்றன என்பதை எழுதுங்கள்.

சண்டை கண்ணில் படாத இடத்திலும் பங்கீடு உண்டு: நெடுங்கால் உள்ளான் தன் முழங்காலளவு நீரிலும், சிற்றுள்ளான்கள் ஈரச் சேற்றிலும் இரை தேடும். பிப்ரவரி, மார்ச்சில் நீர் வற்றும்போது அதே கரையில் மறுபடி நின்று, இவ்விரண்டும் மேயும் இடங்களுக்கு நடுவிலுள்ள இடைவெளி எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று முந்தைய குறிப்போடு ஒப்பிடுங்கள்.