ஏர்பேக் விளக்கு எரிந்தால் முதலில் இருக்கையின் அடியில் பாருங்கள்
ஏர்பேக் எச்சரிக்கை விளக்கு அணையாமல் எரிந்தால், ஸ்டியரிங்கைக் கழற்றச் சம்மதிப்பதற்கு முன், முன் இருக்கைகளின் அடியில் செல்லும் மஞ்சள் நிறக் கனெக்டரை (வயர்களை இணைக்கும் செருகி) கழற்றித் துடைத்து மீண்டும் இறுக்கமாகப் பொருத்த மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். சாவியை அணைத்து, பேட்டரியின் நெகட்டிவ் (−) முனையைக் கழற்றிவிட்டு, 10 நிமிடம் பொறுத்த பின்னரே அதைத் தொட வேண்டும். ஏர்பேக்கை விரிக்க மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் மின்தேக்கியில் எஞ்சியிருக்கும் மின்சாரம் அதற்குள் வடிந்துவிடும்.

ஏர்பேக் சுற்றின் மின்தடை பெரும்பாலும் 2 முதல் 3 ஓம் அளவே என்பதால், கனெக்டரில் தளர்ந்த உலோக ஊசியோ (பின்) படிந்த களிம்போ சேர்க்கும் சிறு கூடுதல் தடையைக்கூடக் கட்டுப்பாட்டுப் பெட்டி பழுதாகப் பதிந்துகொள்கிறது. இருக்கையை அடிக்கடி நகர்த்துவதால் வயர் இழுபடும். தேங்காய் நார்த்தூள் பறக்கும் பொள்ளாச்சிப் பக்கம் ஓடும் வண்டிகளில் அந்த இடத்தில் தூசும் அடையும்.

ஹாரனும் சேர்ந்து வேலை செய்யாவிட்டால் பழுது ஸ்டியரிங்கில் உள்ள கிளாக் ஸ்பிரிங்கில் (ஸ்டியரிங் சுழன்றாலும் மின் இணைப்பு அறாமல் வைக்கும் சுருள் வயர்) இருக்கவே வாய்ப்பு அதிகம். மோதிய வண்டிக்கும் நீரில் மூழ்கிய வண்டிக்கும், இருக்கையில் ஏர்பேக் வயரிங்கே இல்லாத அடிப்படை மாடல்களுக்கும் இக்குறிப்பு பொருந்தாது. மல்டிமீட்டரை ஏர்பேக்கில் நேரடியாக வைத்து ஓம் அளக்கவே கூடாது. அந்தச் சிறு மின்சாரமே அதை வெடிக்கச் செய்துவிடலாம். பழுது நீங்கிய பிறகும் சில வண்டிகளில் பழுதைப் படிக்கும் ஸ்கேனர் கருவியால் பழுதுப் பதிவை அழித்தால்தான் விளக்கு அணையும்.